பார்ப்பவர் சிலர், கட்டுபவர் எல்லோரும்
வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சியில் விளையாட்டுச் சேனல்கள் திடீரென்று மறைந்துபோவதைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மகள் வீட்டில் சில மாதங்கள் தங்குவதற்காக அமெரிக்கா போயிருந்தேன். ஒரு நாள் மாலை மாப்பிள்ளை ஆர்வத்தோடு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தபோது படம் மறைந்து, சேனல்காரர்கள் அளவுக்கு மீறிப் பணம் கேட்பதாக ஓர் அறிவிப்பு திரையில் வந்து நின்றுவிட்டது. மாதந்தோறும் தவறாமல் பணம் கட்டும் வீட்டில் இப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யலாமா என்று கேட்டால், சட்டப்படி செய்தே ஆக வேண்டியிருக்கிறது என்பதுதான் பதில். கேபிள் நிறுவனம் நமக்குக் காட்டும் சேனல்களில் பெரும்பாலானவை அதற்குச் சொந்தமானவை அல்ல. ஒவ்வொரு சேனலின் உரிமையாளரோடும் சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, ஒரு சந்தாதாரருக்கு மாதம் இவ்வளவு என்று அது பணம் கொடுத்துவருகிறது. ஒப்பந்தம் முடியும் நேரத்துக்குள் புதிய ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்றால், அதன்பிறகு அந்தச் சேனலைக் காட்டுவதற்கு அந்நிறுவனத்துக்கு உரிமை இல்லை. ஆட்டம் பாதியில் இருக்கிறதா, முடியப்போகிறதா என்பதையெல்லாம் ஒப்பந்தம் பார்ப்பதில்லை.

உங்கள் மாப்பிள்ளை பார்த்த அறிவிப்பை நடுநிலையான செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ஒரு தரப்பின் வக்கீல் நோட்டீஸ். சேனல் மறைவதற்குச் சில நாட்களுக்கு முன்பிருந்தே, அதே திரையின் அடியில், ‘உங்கள் கேபிள் நிறுவனம் இந்தச் சேனலை உங்களிடமிருந்து பறிக்கப் போகிறது, உடனே தொலைபேசியில் கூப்பிட்டுக் கேளுங்கள்’ என்ற பொருளில் எழுத்து ஓடியிருக்கும். அது எதிர்த்தரப்பின் நோட்டீஸ். இரண்டிலுமே வாசகம் மட்டும் இருக்கும், கேட்ட விலையும் கொடுக்க முன்வந்த விலையும் இருக்கமாட்டா. ஏனென்றால் அந்த எண்களை இரு தரப்புமே இரகசியமாக வைத்துக்கொள்கின்றன.

எந்த நிறுவனம் என்று நீங்கள் எழுதவில்லை. தேவையும் இல்லை, எல்லாச் சண்டைகளும் ஒரே அச்சில் வார்த்தவைதான். பரவலாகப் பேசப்பட்ட ஒன்றைச் சொல்கிறேன். 2023 ஆகஸ்ட் 31 மாலை, யூஎஸ் ஓப்பன் டென்னிஸ் நடந்துகொண்டிருந்தபோது, கல்லூரிக் கால்பந்துப் பருவமும் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைத்தான் இங்கே எங்கும் சொல்கிறேன்) தொடங்கியிருந்த அதே வேளையில், ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டுச் சேனல் உள்ளிட்ட டிஸ்னி நிறுவனத்தின் சேனல்கள் சார்ட்டர் நிறுவனத்தின் கேபிளிலிருந்து மறைந்தன. ஏறத்தாழ 1 கோடியே 47 லட்சம் சந்தாதாரர்கள் அன்று உங்கள் மாப்பிள்ளையின் நிலையில்தான் இருந்தார்கள்.

கேள்வி: சமையல், செய்தி, பழைய படம் என்று எத்தனையோ சேனல்கள் சில்லறைக் காசுக்குக் கிடைக்க, விளையாட்டுச் சேனலுக்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை?

பதில்: தொடக்கத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது என்று சொன்னால் வியப்பீர்கள். ஈஎஸ்பிஎன் 1979 செப்டம்பர் 7 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் பிரிஸ்டல் என்ற சிற்றூரிலிருந்து ஒளிபரப்பைத் தொடங்கியபோது, எங்கள் சேனலையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேபிள்காரர்களுக்கு அதுதான் பணம் கொடுத்தது. சில ஆண்டுகளில் பணம் எதிர்த்திசையில் பாயத் தொடங்கியது. 1987இல் என்எஃப்எல் என்ற தொழில்முறைக் கால்பந்துச் சங்கத்தின் ஆட்டங்கள் முதன்முறையாக அதன் கைக்கு வந்தபிறகு அந்தச் சேனல் இல்லாமல் கேபிள் நடத்த முடியாது என்றாகிவிட்டது. அண்மைக் காலச் சந்தை மதிப்பீடுகளின்படி, ஈஎஸ்பிஎன் என்ற ஒரே சேனலுக்காக ஒவ்வொரு சந்தாதாரர் கணக்கிலும் மாதம் 9 டாலருக்கு மேல் போகிறது. மற்றச் சேனல்களில் பெரும்பாலானவை ஒரு டாலரைக்கூடத் தொடுவதில்லை.

காரணம் ஆட்ட உரிமையின் விலை. திரைப்படத்தை நாளைக்குப் பார்க்கலாம், தொடரை அடுத்த வாரம் பார்க்கலாம். ஆனால் முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தை யாரும் காசு கொடுத்துப் பார்ப்பதில்லை. அந்த நேரத்திலேயே, விளம்பரத்தையும் தாண்டி ஓடிவிடாமல், கோடிக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பார்ப்பது தொலைக்காட்சியில் இன்று ஏறக்குறைய விளையாட்டு ஒன்றைத்தான். இதை விளையாட்டுச் சங்கங்கள் நன்றாகவே தெரிந்துவைத்திருக்கின்றன. 2021இல் கையெழுத்தான என்எஃப்எல் ஒப்பந்தங்களின் மதிப்பு, 11 ஆண்டுகளுக்கு, ஏறத்தாழ 11,000 கோடி டாலர். என்பிஏ கூடைப்பந்துச் சங்கம் 2024இல் 11 ஆண்டுகளுக்குப் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் 7,600 கோடி டாலர் அளவிலானது. இந்தப் பணம் சங்கத்திலிருந்து அணிக்கும், அணியிலிருந்து ஆட்டக்காரர்களின் சம்பளத்துக்கும் போகிறது. போன பணத்தை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டுமல்லவா, அந்த எங்கிருந்தாவதுதான் கேபிள் பில்.

கேள்வி: விலையில் ஒன்றிரண்டு டாலர் முன்னேபின்னே பேசி முடிக்காமல் பெரிய நிறுவனங்கள் ஏன் மாதக்கணக்கில் முறுக்கிக்கொள்கின்றன? சண்டை உண்மையில் விலையைப் பற்றியதுதானா?

பதில்: இந்த வாரக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விலை பாதிதான். மீதிப் பாதி, அந்த விலையை யாரிடமிருந்து வசூலிப்பது என்பது. கடுமையான சண்டைகள் எல்லாம் இந்த மீதிப் பாதியில்தான் மூண்டிருக்கின்றன.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தெருவில் 100 வீடுகள்; அவற்றில் விளையாட்டு பார்ப்பவை 20. சேனலுக்கு மாதம் 500 டாலர் வேண்டும். எல்லா வீட்டுக்கும் போகும் அடிப்படைத் தொகுப்பில் சேனலை வைத்துவிட்டால் வீட்டுக்கு 5 டாலர்; பில்லில் அது கண்ணுக்கே தெரியாது. வேண்டுகிறவர்கள் மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டால், 20 வீடுகளும் ஆளுக்கு 25 டாலர் கட்ட வேண்டும். 25 டாலர் என்றதும் அந்த இருபதில் பத்துப்பேர் பின்வாங்குவார்கள். மிச்சமுள்ள பத்து வீடுகளுக்கு அது 50 டாலராகும். அப்போது அவர்களிலும் சிலர் யோசிப்பார்கள். ஆகவே சேனல்காரர், விலையைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால்கூட ஒருவேளை சம்மதிப்பார், தொகுப்பை மாற்றச் சொன்னால் சம்மதிக்கவேமாட்டார். மொத்தச் சந்தாதாரர்களில் இத்தனை விழுக்காட்டினருக்குச் சேனல் கட்டாயம் போக வேண்டும் என்ற நிபந்தனையைத்தான் அவர் ஒப்பந்தத்தின் உயிர்நாடியாகக் கருதுகிறார்.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு நியூயார்க்கில் நடந்தது. யாங்கீஸ் பேஸ்பால் அணியின் ஆட்டங்களைப் பல ஆண்டுகளாக எம்எஸ்ஜி என்ற சேனல் காட்டிவந்தது. கடைசி ஆண்டுகளில் அச்சேனல் கேபிள்விஷன் நிறுவனத்தின் கையில் இருந்தது. 2002 மார்ச்சில் அணியின் உரிமையாளர்கள் யெஸ் என்ற பெயரில் தங்களுக்கென்றே ஒரு சேனலைத் தொடங்கி, சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் ஏறத்தாழ 2 டாலர் என்றும், எல்லா வீட்டுக்கும் போகும் தொகுப்பில் வைக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். யாங்கீஸ் ரசிகர் அல்லாதவர்களும் ஏன் கட்ட வேண்டும், விரும்புகிறவர்களுக்குத் தனிச் சந்தாவாகக் கொடுக்கிறோம் என்றது கேபிள்விஷன். (நேற்றுவரை தன் சொந்த விளையாட்டுச் சேனலை எல்லோர் தலையிலும் கட்டிவந்த நிறுவனத்துக்குத் திடீரென்று ரசிகர் அல்லாதவர்மேல் இரக்கம் பிறந்ததை அப்போதே பலரும் சுட்டிக்காட்டினார்கள்.) இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. யாங்கீஸ் அணி 103 வெற்றிகள் பெற்ற அந்தப் பருவம் முழுவதும், நியூயார்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 30 லட்சம் வீடுகளில் யெஸ் சேனல் தெரியவே இல்லை. மேயரும் மாநிலத் தலைமை வழக்கறிஞரும் தலையிட்டு, 2003 மார்ச்சில் தற்காலிக உடன்பாடு ஒன்றை எட்டவைத்தார்கள். முடிவான தீர்வுக்கு 2004இல் நடுவர்களின் தீர்ப்பு வர வேண்டியிருந்தது. யெஸ் கடைசியில் பெருவாரியான வீடுகளுக்குப் போகும் தொகுப்பிலேயே இடம்பிடித்தது.

ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். இங்கே வடம் பிடிக்கிறோம் என்பதே தெரியாமல் இழுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகம்.

கேள்வி: அரசாங்கம் ஒரு சட்டம் போட்டு, அவரவருக்கு வேண்டிய சேனலை மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டால் என்ன?

பதில்: யோசித்தார்கள், எழுதினார்கள், விவாதித்தார்கள், சட்டம் மட்டும் வரவில்லை. தொலைத்தொடர்பை ஒழுங்குபடுத்தும் எஃப்சிசி என்ற கூட்டாட்சி ஆணையம் 2004இல் வெளியிட்ட அறிக்கை, தனித்தனியாக விற்றால் பெரும்பாலான வீடுகளுக்குச் செலவு கூடும் என்றது. அதே ஆணையம், தலைவர் மாறியபிறகு, 2006இல் வெளியிட்ட இன்னோர் அறிக்கையில், முந்தைய அறிக்கையின் கணக்கு பிழையானது, தனித்தனியாக விற்றால் பலருக்கு இலாபம்தான் என்றது. அதே எண்களை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகவும் வாதாட முடிவது எதனால் என்று மேலே உள்ள 100 வீட்டுக் கணக்கைப் பார்த்தாலே விளங்கும்: 80 வீட்டுக்கு இலாபம், 20 வீட்டுக்கு நட்டம். 2013இல் செனட்டர் ஜான் மெக்கெய்ன் கொண்டுவந்த மசோதாவும் நிறைவேறவில்லை.

இப்போதுள்ள சட்டத்தில் ஆணையத்தின் கை நீளமானதல்ல. ஆன்டெனாவில் இலவசமாகக் கிடைக்கும் ஏபிசி, சிபிஎஸ் போன்றவற்றின் உள்ளூர் நிலையங்களைக் கேபிளில் காட்ட அந்நிலையங்களின் ஒப்புதல் வேண்டும் என்று 1992ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அந்தப் பேச்சுவார்த்தையில் இரு தரப்பும் நல்லெண்ணத்தோடு ஈடுபட வேண்டும் என்பது விதி. ஈஎஸ்பிஎன் போன்ற கேபிள் சேனல்களுக்கு அதுகூட இல்லை. அது இரண்டு வியாபாரிகளின் தனிப்பட்ட ஒப்பந்தம்.

சட்டம் செய்யாததைச் சிலநேரம் அவப்பெயருக்கு அஞ்சும் அச்சம் செய்துவிடுகிறது. 2007இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் என்ற என்எஃப்எல் அணி அதுவரை ஆடிய 15 ஆட்டங்களையும் வென்று, ஒரு தோல்விகூட இல்லாமல் முறைப் பருவத்தை முடிக்கும் நிலையில் நின்றது. டிசம்பர் 29 அன்று நியூயார்க் ஜெயன்ட்ஸோடு நடக்கவிருந்த கடைசி ஆட்டத்தின் ஒளிபரப்பு உரிமை சங்கத்தின் சொந்தச் சேனலான என்எஃப்எல் நெட்வொர்க்கிடம் இருந்தது; கேபிள் நிறுவனங்களோடு நடந்த இதே தொகுப்புத் தகராறால் அச்சேனல் நாட்டின் பாதி வீடுகளுக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. செனட்டர்கள் கடிதம் எழுத, கண்டனம் பெருக, சங்கம் இறங்கிவந்து, அந்த ஓர் இரவுக்கு மட்டும் சிபிஎஸ், என்பிசி இரண்டிலும் ஆட்டத்தைக் காட்ட அனுமதித்தது. தகராறு என்னவோ மறுநாளும் அப்படியே இருந்தது.

கேள்வி: இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால் நடுவரிடம் விட்டுவிடலாமே?

பதில்: விட்ட இடங்கள் உண்டு. காம்காஸ்ட் என்ற கேபிள் நிறுவனம், என்பிசி உள்ளிட்ட சேனல்களின் உரிமையாளரான என்பிசி யுனிவர்சலை 2011இல் தன் கைக்குள் கொண்டுவந்தபோது அரசு விதித்த நிபந்தனைகளில் இதுவும் ஒன்று. இரு தரப்பும் தத்தம் கடைசி விலையை எழுதிக் கொடுக்க வேண்டும். நடுவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமே தவிர, நடுவில் ஒரு விலையைத் தாமாகச் சொல்லக் கூடாது. அடாவடியான விலையை எழுதியவர் தோற்றுப்போவார் என்ற பயத்தில் இருவரும் நியாயத்தை நெருங்கிவருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. இந்த முறைக்கு அங்கே வழங்கும் பெயரே பேஸ்பால் நடுவர் முறை. ஆட்டக்காரர்களின் சம்பளத் தகராறுகளைத் தீர்க்க அந்த விளையாட்டில் பயன்படுவதுதான் அது.

கேள்வி: பெரிய ஆட்டத்துக்குச் சில மணி நேரம் முன்பு எப்படியோ சமாதானம் ஆகிவிடுகிறார்களே, எல்லாம் நாடகமா?

பதில்: நாடகம் என்பதைவிட நாள் பார்த்துச் செய்யும் காரியம் என்பது பொருத்தமாக இருக்கும். சேனல்காரர்கள் தங்கள் ஒப்பந்தங்கள் கோடையின் கடைசியில், கால்பந்துப் பருவத்தின் வாசலில் முடியும்படி பார்த்துக்கொள்கிறார்கள். சிபிஎஸ், டைம் வார்னர் கேபிள் சண்டை 2013 ஆகஸ்ட் 2 அன்று தொடங்கி, என்எஃப்எல் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, செப்டம்பர் 2 அன்று முடிந்தது. டிஸ்னி, சார்ட்டர் உடன்பாடு 2023 செப்டம்பர் 11 அன்று, பஃபலோ பில்ஸ், நியூயார்க் ஜெட்ஸ் ஆட்டம் தொடங்க ஒருசில மணி நேரமே இருந்தபோது வந்தது. மறு ஆண்டு செப்டம்பர் 1 அன்று டிஸ்னி சேனல்கள் டைரக்டிவி என்ற செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனத்திலிருந்து மறைந்தன, 14ஆம் தேதி திரும்பின. 2025இல், இணையம் வழியாகச் சேனல்களைத் தரும் யூடியூப் டிவியின் முறை. அக்டோபர் 30 அன்று போனவை நவம்பர் 14 அன்று வந்தன.

2023ஆம் ஆண்டு உடன்பாட்டில் ஒரு விவரம் கவனிக்கத்தக்கது. ஈஎஸ்பிஎன் திரும்பிவந்தது, ஆனால் குழந்தைகளுக்கான டிஸ்னி ஜூனியர், டிஸ்னி எக்ஸ்டி உள்ளிட்ட எட்டுச் சேனல்கள் சார்ட்டர் கேபிளுக்கு அப்போது திரும்பவில்லை. சண்டை மூண்டது ஆட்டத்துக்காக, இழப்பு வீட்டுக் குழந்தைகளுக்கு.

கேள்வி: தீராமலே பல ஆண்டுகள் நீடித்த தகராறு ஏதாவது உண்டா?

பதில்: உண்டு, லாஸ் ஏஞ்சலஸில். டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியும் டைம் வார்னர் கேபிளும் 2013இல் 25 ஆண்டுகளுக்கு 835 கோடி டாலர் என்று ஒப்பந்தம் செய்துகொண்டு, 2014 பிப்ரவரியில் ஸ்போர்ட்ஸ்நெட் எல்ஏ என்ற சேனலைத் தொடங்கின. அதை மற்ற நிறுவனங்களுக்குச் சந்தாதாரர் ஒருவருக்கு மாதம் 5 டாலரை ஒட்டிய விலைக்கு விற்க முயன்றார்கள். டைரக்டிவி மறுத்துவிட்டது.

ஏன் விலையைக் கொஞ்சம் இறக்கி முடித்துக்கொள்ளவில்லை என்று கேட்பீர்கள். இந்த ஒப்பந்தங்களில் வழக்கமாக இடம்பெறும் ஒரு விதி இருக்கிறது: வேறு எவருக்காவது இதைவிடக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் எனக்கும் அந்த விலைதான் என்று முதலில் வாங்கியவர் எழுதி வாங்கிக்கொள்வார். ஆகவே ஒருவருக்கு ஒரு டாலர் தள்ளுபடி என்பது எல்லோருக்கும் ஒரு டாலர் தள்ளுபடி ஆகிவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. வாங்குகிறவர் பக்கமும் இதே கவலைதான்: இங்கே 5 டாலருக்குத் தலையசைத்தால், நாட்டில் உள்ள அத்தனை வட்டாரச் சேனல்களும் அடுத்த நாளே வாசலில் நிற்கும்.

இதற்கு நடுவே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. வின் ஸ்கல்லி என்ற வர்ணனையாளர் 1950 முதல் 67 பருவங்கள் டாட்ஜர்ஸின் குரலாக இருந்தவர். அவர் குரலோடு பேஸ்பால் கற்றுக்கொண்ட குடும்பங்கள் அந்த நகரில் மூன்று தலைமுறையாக உண்டு. 2016இல் அவர் ஓய்வு பெற்றார். அவருடைய கடைசி மூன்று பருவங்களின் பெரும்பகுதி, அந்த நகரிலேயே லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கிடைக்காமல் போயிற்று. ஒருவழியாக 2020 ஏப்ரல் 1 அன்று டைரக்டிவி சேனலைச் சேர்த்துக்கொண்டது. அப்போது கொரோனாவால் ஆட்டங்களே நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. ஆறாண்டுகள் காத்திருந்து சேனலைப் பெற்றவர்கள் ஜூலை பிற்பகுதி வரை பழைய ஆட்டங்களைத்தான் பார்க்க முடிந்தது.

கேள்வி: மகன் அனுப்பிய கேபிள் பில்லில், விளம்பரத்தில் சொன்ன விலைக்குக் கீழே ‘வட்டார விளையாட்டுக் கட்டணம்’ என்று தனியாக ஒரு வரி இருக்கிறது. இது அரசு போடும் வரியா?

பதில்: அரசு வரி அன்று. பெயர் மட்டும் வரியைப் போல இருக்கிறது, அப்படித் தோன்றினால் நல்லது என்று எண்ணியே சூட்டிய பெயராக இருக்கலாம் என்பது என் ஐயம். உள்ளூர் அணிகளின் ஆட்டங்களைக் காட்டும் வட்டாரச் சேனல்களுக்குக் கொடுக்கும் விலையைத் தொகுப்பு விலையில் ஏற்றினால் விளம்பரம் எடுபடாது. ஆகவே கீழே தனி வரியில் வைத்தார்கள். காம்காஸ்ட் 2015இல் இதைத் தொடங்கியபோது அது மாதம் 1 டாலர்தான். பிறகு பல மடங்காயிற்று. 2024 மார்ச்சில் எஃப்சிசி கொண்டுவந்த விதிப்படி, இத்தகைய கட்டணங்களையும் சேர்த்த மொத்த விலையைத்தான் விளம்பரத்திலும் பில்லிலும் காட்ட வேண்டும்.

கேள்வி: முதல் கேள்வியை அனுப்பியவரின் மகள் நான்தான்; அம்மா கடிதம் எழுதியதைச் சொன்னார். எங்கள் வீட்டில் ஆட்டம் பார்ப்பவர் என் கணவர் ஒருவர்தான், அதுவும் இலையுதிர் கால நான்கு மாதங்கள். கேபிளையே நிறுத்திவிட்டால் நாங்கள் தப்பித்துவிடுவோமா?

பதில்: உங்களைப் போலக் கணக்குப் பார்த்தவர்கள் பெருகியதால்தான் இந்தச் சண்டைகளின் முகமே மாறிக்கொண்டிருக்கிறது. 2011இல் ஈஎஸ்பிஎன் ஏறத்தாழ 10 கோடி வீடுகளில் இருந்தது. அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அது 7 கோடி அளவுக்கு வந்துவிட்டது. முதலில் வெளியேறியவர்கள் ஆட்டம் பார்க்காதவர்கள். ஆட்ட உரிமையின் விலையோ குறையவில்லை. ஆகவே மிச்சமிருப்பவர்களின் பங்கு ஏறுகிறது, ஏற ஏற இன்னும் சிலர் போகிறார்கள். பெரும் கடனோடு ஏறத்தாழ இருபது வட்டார விளையாட்டுச் சேனல்களை நடத்திவந்த டைமண்ட் ஸ்போர்ட்ஸ் குழுமம் 2023 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது இதனால்தான். அதே ஆண்டு மே மாதக் கடைசியில் சான் டியாகோ பட்ரேஸ் அணியின் ஆட்டங்களைப் பேஸ்பால் சங்கமே நேரடியாக ஒளிபரப்ப வேண்டியதாயிற்று.

உங்கள் வீட்டுக்கு வருகிறேன். சேனல் மறைந்த நாட்களுக்கு நிறுவனத்தைக் கூப்பிட்டுக் கழிவு கேளுங்கள். கேட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் கிடைக்கும். 2025ஆம் ஆண்டுச் சண்டையில் யூடியூப் டிவி தன் சந்தாதாரர்களுக்கு 20 டாலர் கழிவு அறிவித்தது. அடுத்து, ஓர் ஆன்டெனா வாங்கிச் சன்னலோரம் மாட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தின் பெரும்பகுதி சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் நிலையங்களில் இலவசமாகவே வருகிறது, எந்த ஒப்பந்தச் சண்டையாலும் அதை நிறுத்த முடியாது. ஈஎஸ்பிஎன் மட்டும் ஆன்டெனாவில் வராது. அது 2025 ஆகஸ்ட் 21 முதல், கேபிள் இல்லாமலே நேரடியாக, தன் துணைச் சேனல்களையும் சேர்த்து மாதம் 29.99 டாலருக்குக் கிடைக்கிறது. நான்கு மாதம் வாங்கினால் ஏறத்தாழ 120 டாலர். இதுவரை உங்கள் கேபிள் பில்லுக்குள் இருந்துகொண்டு அந்தத் தலைமைச் சேனல் மட்டும், உங்கள் கணவர் பார்க்காத எட்டு மாதங்களையும் சேர்த்து, ஆண்டுக்கு 108 டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தது.